அடினின் உப்பும் ஒரு ஹைட்ரஜன் அணுவின் முகவரியும்

டி.என்.ஏ. என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது முறுக்கிவிட்ட ஒரு ஏணி. அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் வாட்சன், கிரிக் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ரோசலிண்ட் பிராங்க்ளின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஜூன் புரூம்ஹெட் என்று ஒருவர் இருந்தாரே, தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் செய்தது வெளியில் இருந்து பார்த்தால் மிகச் சின்ன வேலை. அடினின் என்ற பொருளின் உப்பு ஒன்றை எடுத்து, அதன் படிகத்துக்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் ஏணியின் படிகள் எப்படிப் பொருந்துகின்றன என்ற கேள்விக்கு இந்த மாதிரி சின்னப் படிகங்கள்தான் பதில் வைத்திருந்தன. அந்தப் பதிலைச் சரியாகப் படிக்காததால் உலகத்தின் மிகப் பெரிய மூளைகள்கூட சறுக்கின. சறுக்கியது பெரிய விஷயத்தில் அல்ல. ஒரு ஹைட்ரஜன் அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற ஒரே விஷயத்தில்!

அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். வேதியியல் படிக்காதவர்களுக்கும் புரியும், பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு சின்னப் பாடம்

டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள். அடினின், குவானின், தைமின், சைட்டோசின். இவற்றைக் காரங்கள் என்பார்கள். அடினினும் குவானினும் இரண்டு வளையம் ஒட்டிய பெரிய மூலக்கூறுகள். தைமினும் சைட்டோசினும் ஒற்றை வளையம் கொண்ட சிறியவை. காரத்தோடு ஒரு சர்க்கரையும் ஒரு பாஸ்பேட்டும் சேர்ந்தால் அது நியூக்ளியோடைடு. நியூக்ளியோடைடுகள் வரிசையாகக் கோர்த்துக்கொண்டால் ஓர் இழை. இரண்டு இழைகள் சேர்ந்தால் ஏணி.

இரண்டு இழைகளையும் பிடித்து வைத்திருப்பதில் முக்கியப் பங்கு ஹைட்ரஜன் பிணைப்புக்கு. ஒரு நைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறில் இருக்கும் இன்னொரு நைட்ரஜனையோ ஆக்சிஜனையோ பார்த்துக் கை நீட்டும். சாதாரண வேதிப் பிணைப்போடு ஒப்பிட்டால் இதன் பலம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் இதற்குத் திசை உண்டு, ஒழுங்கு உண்டு. ஒரு பக்கம் ஹைட்ரஜனைக் கொடுப்பவர் இருந்தால், எதிர்ப் பக்கம் அதை வாங்குபவர் இருந்தாக வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும் என்பது போலத்தான் இதுவும். இரண்டு பக்கமும் கொடுப்பவர்களே நின்றால் கணக்கு ஒத்துப்போகாது.

அதனால்தான் ஹைட்ரஜன் எந்த அணுவின் மேல் இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது. ஓர் ஹைட்ரஜனை இடம் மாற்றி வரைந்துவிட்டால், கொடுப்பவர் வாங்குபவராகவும் வாங்குபவர் கொடுப்பவராகவும் மாறிவிடுவார்கள். ஜோடியே மாறிவிடும்.

உப்பு எதற்கு?

எக்ஸ் கதிர்களை ஒரு படிகத்தின் மேல் அனுப்பினால் அவை சிதறி, படச்சுருளில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் பிரகாசத்தை அளந்து, திருப்பிக் கணக்குப் போட்டால் அணுக்களின் இடம் கிடைக்கும். லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர் தன் அப்பாவோடு சேர்ந்து உருவாக்கிய கலை இது. 1915ல் நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 25.

ஆனால் நல்ல படிகம் வேண்டுமே? அடினின் தண்ணீரில் லேசில் கரையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் நன்றாகக் கரையும். மெல்ல மெல்ல ஆறவிட்டால் அடினின் ஹைட்ரோகுளோரைடு என்ற உப்பு படிகமாக வரும். அமிலம் தன் ஹைட்ரஜனை அடினினுக்குக் கொடுத்துவிடும். அடினின் நேர்மின்சுமை பெறும், குளோரைடு எதிர்மின்சுமையோடு பக்கத்தில் நிற்கும். படிகத்தில் இரண்டு அடினினுக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு என்ற கணக்கில் நீரும் உள்ளே இருக்கும். குளோரின் கனமான அணு. எக்ஸ் கதிரை அதிகமாகச் சிதறடிக்கும். கணக்குப் போடுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள அது ஒரு கைப்பிடி.

ஜூன் புரூம்ஹெட்

1922ல் இங்கிலாந்தில் டான்காஸ்டர் ஊரில் பிறந்தவர் ஜூன் புரூம்ஹெட். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் படித்தார். அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் ஒரு விசித்திரம் இருந்தது. பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், முதல் வகுப்பில் தேறலாம். ஆனால் ஆண்களுக்குத் தரும் முழுமையான பட்டம் கிடையாது! அது பெண்களுக்குக் கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 1948ல்தான் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்து புரூம்ஹெட்டின் கட்டுரை வந்தது. அடினின் ஹைட்ரோகுளோரைடின் அமைப்பு. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா என்ற படிகவியல் இதழ் தொடங்கிய முதல் ஆண்டு அது. பிறகு 1951ல் குவானின் ஹைட்ரோகுளோரைடையும் செய்து முடித்து, இரண்டுக்கும் உள்ள உறவை எழுதினார்.

இன்று இந்த மாதிரி ஒரு படிகத்தைக் கணினி சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அன்று அப்படியில்லை. எண்கள் அச்சிட்ட அட்டைக் கீற்றுகளை ஆயிரக்கணக்கில் எடுத்து அடுக்கி, கூட்டிக் கூட்டிப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டும். ஒரு கூட்டல் தவறினால் திரும்ப முதலில் இருந்து. மாதக்கணக்கான உழைப்பு.

அதில் கிடைத்தது என்ன? டி.என்.ஏ.வின் இரண்டு பெரிய எழுத்துகளின் வடிவமும் அளவும் முதன்முறையாகக் கையில் கிடைத்தன. வளையங்கள் தட்டையானவை என்பதும், படிகத்துக்குள் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கோர்த்து வைத்திருக்கின்றன என்பதும் தெரிந்தன.

காக்ரனின் கழித்தல் கணக்கு

இருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். கார்பனுக்கு 6 எலக்ட்ரான், நைட்ரஜனுக்கு 7, குளோரினுக்கு 17. ஹைட்ரஜனுக்கு ஒன்றே ஒன்று. பெரிய அணுக்களின் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் கண்ணுக்கே தெரியாது. திருவிழாக் கூட்டத்து டியூப் லைட்டுகளுக்கு நடுவில் ஒரு மின்மினியைத் தேடுவது போல.

அதே ஆய்வகத்தில் இருந்த வில்லியம் காக்ரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1951ல் இதற்கு ஒரு வழி செய்தார். அதே அடினின் ஹைட்ரோகுளோரைடைத்தான் எடுத்துக்கொண்டார். மிகத் துல்லியமாக அளந்தார். பிறகு, தெரிந்த அணுக்கள் எவ்வளவு சிதறடிக்கும் என்று கணக்கிட்டு, மொத்த அளவிலிருந்து அதைக் கழித்தார். கணக்கில் வந்த தலைப்புகளை எல்லாம் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்கும் அதே வேலைதான். மிச்சத்தில் சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தன. அவைதான் ஹைட்ரஜன்கள்!

அமிலம் கொடுத்த அந்தக் கூடுதல் ஹைட்ரஜன் எங்கே போய் உட்கார்ந்திருந்தது தெரியுமா? அடினினில் ஐந்து நைட்ரஜன்கள் உண்டு. நான்கு வளையத்துக்குள், ஒன்று வெளியே அமினோ வடிவில். ஹைட்ரஜன் அவற்றில் எதில் வேண்டுமானாலும் போகவில்லை. ஒன்று என்று எண்ணிடப்பட்ட வளைய நைட்ரஜனில் போய் உட்கார்ந்திருந்தது. அமினோவில் இரண்டு ஹைட்ரஜன்கள் அப்படியே இருந்தன.

பாடம் தெளிவானது. ஹைட்ரஜன் அலைந்து திரிவதில்லை. அதற்கென்று ஒரு முகவரி இருக்கிறது.

நாட்டிங்காமில் ஒரு துப்பு

இதற்குச் சற்று முன்பே, 1947ல், நாட்டிங்காமில் மேசன் கல்லண்ட் என்ற பேராசிரியரும் டெனிஸ் ஜோர்டன் முதலான அவர் குழுவினரும் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தார்கள். டி.என்.ஏ. கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமும் காரமும் சேர்த்துப் பார்த்தார்கள். நடுநிலைக்கு அருகில் எதுவும் நடக்கவில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் பூட்டித் திறந்தது போல் பல இடங்கள் ஒரேயடியாக விடுபட்டன. கரைசலின் கொழகொழப்பும் விழுந்துவிட்டது. காரங்கள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் இதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம். அந்தக் குழுவில் இருந்த மைக்கேல் கிரீத் என்ற மாணவர், இரண்டு இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைப்பது போல் ஒரு படத்தையே தன் ஆய்வேட்டில் வரைந்து வைத்திருந்தார்.

ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி காஸ்விக் என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்தில் கல்லண்ட் இறந்துபோனார். வயது 49. குழு கலைந்தது. அந்த வரி அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு மேதைகள், ஒரே இடத்தில் தவறு

1953 ஜனவரிக்கு வருவோம். உலகத்தின் மிகப் பெரிய வேதியியலாளர் என்று பேர் வாங்கியிருந்த லைனஸ் பாலிங், கலிபோர்னியாவில் இருந்து டி.என்.ஏ.வுக்கு ஒரு மாதிரி அமைத்து எழுதினார். மூன்று இழைகள், பாஸ்பேட்டுகள் நடுவில். ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னவர் அவர்! ஆனால் பாஸ்பேட்டுகளின் மேல் ஹைட்ரஜன்களை உட்கார வைத்துவிட்டார். உயிருள்ள செல்லில் அந்த ஹைட்ரஜன்கள் கழன்றுபோயிருக்கும். அதனால்தான் டி.என்.ஏ.வுக்கு அமிலம் என்றே பெயர். அமிலத்தில் அமிலத்தன்மையே இல்லாமல் போன மாதிரி அது.

கேம்பிரிட்ஜில் இதைப் பார்த்து வாட்சனும் கிரிக்கும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் சில வாரங்களில் வாட்சனும் அதே குழியில் விழுந்தார்.

காரங்களின் ஹைட்ரஜன்கள் நிலையாக ஓர் இடத்தில் இருக்காது என்று நினைத்து, முதலில் ஹைட்ரஜன் பிணைப்பையே அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லண்ட், ஜோர்டன் கட்டுரைகளைத் திரும்பப் படித்த பிறகுதான் மனம் மாறினார். அடுத்து, அடினின் படிகங்களில் ஓர் அடினின் இன்னோர் அடினினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. உடனே ஒரு யோசனை. ஏணியின் ஒவ்வொரு படியும் இப்படித்தானோ? அடினினோடு அடினின், குவானினோடு குவானின், இனத்தோடு இனம்? இதை அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

ஆக, படிகம் ஒரு நல்ல விஷயத்தையும் சொன்னது, ஒரு தப்பான வழியையும் காட்டியது. காரங்கள் ஜோடியாகச் சேரும் என்பது சரி. படிகத்தில் சேரும் அதே ஜோடிதான் டி.என்.ஏ.விலும் என்பது தப்பு. படிகத்தில் அடினினுக்குப் பக்கத்தில் அடினின்தான் இருக்கிறது. வேறு யாரோடு சேர முடியும்?

டோனஹ்யூ சொன்ன ஒரு வார்த்தை

அப்போது வாட்சன், கிரிக் இருந்த அதே அறையில் ஜெர்ரி டோனஹ்யூ என்ற அமெரிக்கர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பாலிங்கின் ஆய்வகத்தில் படிகவியல் கற்றவர். வாட்சனின் படத்தைப் பார்த்ததும், இது நடக்காது என்று சொல்லிவிட்டார்.

ஏன்? வாட்சன் ஒரு பாடப்புத்தகத்தைப் பார்த்து குவானினையும் தைமினையும் வரைந்திருந்தார். அதில் ஆக்சிஜனின் மேல் ஹைட்ரஜன் இருந்தது. அதற்கு ஈனால் வடிவம் என்று பெயர். டோனஹ்யூ சொன்னார்: ஹைட்ரஜன் அங்கே இல்லை, பக்கத்து நைட்ரஜனின் மேல் இருக்கிறது. அது கீட்டோ வடிவம். பாடப்புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டு வந்த தவறு இது.

அவர் கையில் இருந்த ஆதாரமும் ஒரு சின்னப் படிகம்தான். டைகீட்டோபைபரசீன் என்ற மூலக்கூறு. பாலிங்கின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் முன்பே தீர்க்கப்பட்டது. அதில் ஹைட்ரஜன் கீட்டோ முறையில் இருந்தது. அதையும் தன் படிகவியல் அனுபவத்தையும் வைத்துத்தான் டோனஹ்யூ அடித்துச் சொன்னார்.

1953 பிப்ரவரி 28, சனிக்கிழமை காலை. வாட்சன் அட்டையில் காரங்களைப் புதிய வடிவில் வெட்டி மேசைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அடினினும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்ந்தன. குவானினும் சைட்டோசினும் சேர்ந்தன. இரண்டு ஜோடிக்கும் ஒரே அகலம், ஒரே உருவம்! பெரிய எழுத்தோடு சின்ன எழுத்து. ஏணி எங்கும் வீங்காது, எங்கும் ஒடுங்காது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எர்வின் சார்காஃப் 1950ல் சொல்லியிருந்த புதிருக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. எந்த உயிரின் டி.என்.ஏ.வை எடுத்தாலும் அடினின் எவ்வளவோ தைமின் அவ்வளவு, குவானின் எவ்வளவோ சைட்டோசின் அவ்வளவு. ஜோடியாக இருந்தால் சமமாகத்தானே இருக்கும்! இழைகள் முறுக்கிக்கொண்டவை, பாஸ்பேட் வெளிப்பக்கம் என்ற செய்திகளுக்குப் பின்னால் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின் எடுத்த படங்களும் அளவுகளும் இருந்தன.

ஏப்ரல் 25ஆம் தேதி நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. டோனஹ்யூவுக்கு அதில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். 1962ல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல். பிராங்க்ளின் 1958லேயே இறந்துவிட்டார்.

படியை நேரில் பார்த்தது யார்?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு திருப்பம். 1953ல் யாரும் அந்த ஜோடியை நேரில் பார்க்கவில்லை! நூல் போல் இழுத்த டி.என்.ஏ.வில் எடுத்த படங்கள் முறுக்கின் அளவைச் சொல்லும். தனித்தனி அணுவைக் காட்டாது. மாதிரி அழகாகப் பொருந்தியது, எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பார்த்துவிடலாம் என்று கலிபோர்னியாவில் கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் என்பவர் முயன்றார். அடினின் வகையும் தைமின் வகையும் சேர்ந்த ஒரு படிகத்தை வளர்த்தார். 1959ல் முடிவு வந்தது. இரண்டும் ஜோடியாகத்தான் இருந்தன. ஆனால் வாட்சன், கிரிக் சொன்ன மாதிரி இல்லை! அடினின் தன் வேறொரு விளிம்பை, ஏழாம் நைட்ரஜன் இருக்கும் பக்கத்தைக் காட்டி நின்றது. இன்றும் அதற்கு ஹூக்ஸ்டீன் ஜோடி என்றே பெயர்.

குவானின், சைட்டோசின் வகைகளைச் சேர்த்து வளர்த்த படிகம் 1963ல் வாட்சன், கிரிக் பக்கம் சாட்சி சொன்னது. அவர்கள் 1953ல் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் வரைந்திருந்தார்கள். மூன்று இருக்கும் என்று 1956லேயே பாலிங்கும் கோரியும் எழுதியிருந்தார்கள். படிகத்திலும் மூன்று இருந்தன. ஆனால் அடினின், தைமின் ஜோடி மட்டும் அகப்படவில்லை.

1969ல் ஒரு விஞ்ஞானி சயன்ஸ் இதழில் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். எக்ஸ் கதிர் படங்களை வைத்து இந்த அமைப்பு நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்வது சரியா? கேட்டது யார் தெரியுமா? அதே ஜெர்ரி டோனஹ்யூ! ஏணிக்குச் சாவி கொடுத்தவரே ஏணிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். பலருக்கு எரிச்சல் வந்தது. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. அழகாக இருப்பது வேறு, நிரூபணம் வேறு.

பதில் 1973ல் வந்தது. எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் ஆர்.என்.ஏ.வின் இரண்டு எழுத்துத் துண்டு ஒன்றைச் சோடியம் உப்பாகப் படிகமாக்கினார்கள். மறுபடியும் உப்பு! அதில் இரண்டு துண்டுகள் குட்டி இரட்டைச் சுருளாக முறுக்கிக்கொண்டு நின்றன. அடினினும், ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக வரும் யூரசிலும் சரியாக வாட்சன், கிரிக் சொன்னபடி சேர்ந்திருந்தன. இருபது வருஷத்தில் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன் என்று வாட்சன் சொன்னதாக ரிச் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

டி.என்.ஏ. துண்டிலேயே அடினின், தைமின் ஜோடியைக் காட்டிய பெருமையில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.ஏ. விஸ்வமித்ரா, கேம்பிரிட்ஜின் ஓல்கா கென்னார்டு குழுவோடு சேர்ந்து நான்கு எழுத்து டி.என்.ஏ. துண்டு ஒன்றின் அமைப்பை 1978ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். 1980ல் கலிபோர்னியாவில் ரிச்சர்டு டிக்கர்சன் குழு பன்னிரண்டு எழுத்து நீளத்தில் ஒரு முழுச் சுற்று டி.என்.ஏ.வையே படிகத்தில் காட்டியது. அதற்குப் பிறகு வாதம் ஓய்ந்தது.

போலி எழுத்துகள்

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் மருந்துக் கடையில் இருக்கிறது.

செல் ஒரு புது டி.என்.ஏ.வை எழுதும்போது எழுத்தை ஹைட்ரஜன் பிணைப்பு வழியாகத்தான் அடையாளம் காண்கிறது. அப்படியானால், எழுத்து மாதிரியே இருந்து எழுத்து அல்லாத ஒன்றைக் கொடுத்தால்? செல் ஏமாறும். வைரஸும் ஏமாறும். இவற்றை நியூக்ளியோடைடு ஒப்புமைகள் என்கிறார்கள். சுருக்கமாகப் போலி எழுத்துகள்.

காரங்களைப் போன்ற போலிகளை வைத்து இந்த வழியைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். அடினினின் அமினோ இருக்க வேண்டிய இடத்தில் கந்தகத்தை வைத்த 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1953ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏணி கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டு! முனைவர் பட்டம் இல்லாத எலியன் 1988ல் நோபல் பரிசு வாங்கினார்.

இன்னொரு உதாரணம் டெனோஃபோவிர். பிராகாவில் அந்தோனின் ஹோலி உருவாக்கிய பொருள். அடினினோடு சர்க்கரைக்குப் பதிலாக ஒரு சின்னச் சங்கிலியும் பாஸ்பேட் போன்ற ஒரு முனையும் இருக்கும். எச்.ஐ.வி. தன் மரபுப் பொருளை நகல் எடுக்கும்போது இதை அசல் அடினின் எழுத்து என்று நினைத்துக் கோர்த்துவிடும். ஹைட்ரஜன் பிணைப்புகள் சரியாகப் பொருந்துவதால் சந்தேகமே வராது. ஆனால் அடுத்த எழுத்தைக் கோர்க்கக் கொக்கி இல்லை. நகல் அங்கேயே நின்றுவிடும்.

மாத்திரையாக 2001ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இதன் ஃபியூமரேட் வடிவம். புரூம்ஹெட்டின் அடினின் ஹைட்ரோகுளோரைடு போலவே அடினினோடு ஓர் அமிலம் சேர்ந்த படிகம்! படிகமாக இருந்தால் எடை போடலாம், மாத்திரையாக அழுத்தலாம், கெடாமல் வைக்கலாம். அதனால்தான் மருந்து நிறுவனங்கள் நல்ல உப்பைத் தேடுகின்றன. அந்த உப்புக்குத் தனியாகக் காப்புரிமையும் கேட்கின்றன. தெரிந்த மருந்தின் உப்பையோ புதுப் படிக வடிவத்தையோ காட்டினால் மட்டும் போதாது, குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது 2005ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. டெனோஃபோவிர் தொடர்பான விண்ணப்பங்களை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2009ல் நிராகரித்தது. மலிவு விலையில் இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரித்து ஏழை நாடுகளுக்கு அனுப்ப அது வழிவிட்டது.

இதிலும் ஹைட்ரஜன் வந்து நிற்கிறது பாருங்கள். அமிலத்தின் ஹைட்ரஜன் காரத்துக்குத் தாவிவிட்டால் அது உப்பு. தாவாமல் அமிலத்திடமே இருந்துகொண்டு கை மட்டும் நீட்டினால் அது இணைபடிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்தத் தாவல்தான் பிரிக்கும் கோடு. ஒரு ஹைட்ரஜன் சிறிது தூரம் நகர்ந்ததா இல்லையா என்பதில் ஒரு மருந்தின் கோப்பே மாறுகிறது.

அதனால்தான் இந்த உப்புகளை இன்றும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக வேதியியல் துறையில் இருந்துகூட அடினின் வகை உப்புகளின் ஹைட்ரஜன் பிணைப்பு பற்றிய கட்டுரைகள் வந்திருக்கின்றன. அமிலம் அடினினின் எந்த விளிம்பில் வந்து ஒட்டுகிறது, வாட்சன் கிரிக் பக்கமா, ஹூக்ஸ்டீன் பக்கமா என்பதே அவற்றில் கேள்வி. ஓல்கா கென்னார்டு 1965ல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய படிகத் தகவல் வங்கியில் இப்படிச் சேர்ந்த அமைப்புகள் 2019ல் பத்து லட்சத்தைத் தொட்டன. அதில் பெரும்பாலானவற்றை யாரும் செய்தித்தாளில் படித்திருக்க மாட்டார்கள்.

பெயர் வராதவர்கள்

ஜூன் புரூம்ஹெட் என்ன ஆனார்? கேம்பிரிட்ஜுக்குப் பிறகு ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்கினோடு கொஞ்ச காலம் வேலை செய்தார். திருமணத்துக்குப் பின் கனடா போனார். ஜூன் லிண்ட்ஸி ஆனார். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் கோடீன் என்ற வலி மருந்தின் அமைப்பைத் தீர்த்தார். பிறகு குழந்தைகளை வளர்க்க வேலையை விட்டார். ஏணியின் புகழ் உலகமெல்லாம் பரவியபோது அவர் ஒட்டாவாவில் ஒரு வீட்டில் இருந்தார். அவர் பங்களிப்பு பற்றி கனடாவில் பரவலாகப் பேசத் தொடங்கியபோது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. 2021ல் 99 வயதில் காலமானார்.

இரட்டைச் சுருளை அவர் கண்டுபிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் அது மிகை. வாட்சன், கிரிக் செய்த தாவலை அவர் செய்யவில்லை. ஆனால் தாவுவதற்குக் காலடியில் தரை வேண்டும் அல்லவா? அடினினின் அகலம் என்ன, கோணம் என்ன, ஹைட்ரஜன் எங்கே என்று தெரியாமல் யாரும் அட்டையை வெட்டியிருக்க முடியாது. அந்தத் தரையைப் போட்டவர்கள் புரூம்ஹெட், காக்ரன், கல்லண்ட், கிரீத், டோனஹ்யூ போன்றவர்கள்.

பாலிங்குக்கு அறிவு குறைவாக இல்லை. வாட்சனுக்குத் துணிச்சல் குறைவாக இல்லை. இரண்டு பேரையும் தடுக்கியது ஒரு ஹைட்ரஜன். அது எங்கே இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எங்கே இருக்கிறது என்று யாரோ ஒருவர் பொறுமையாக அளந்து வைத்திருந்தார். அறிவியலில் நினைப்பவர்களுக்குப் பரிசு கிடைக்கிறது. அளப்பவர்களுக்கு அடிக்குறிப்பில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். அடுத்த முறை பாடப்புத்தகத்தில் அந்த முறுக்கிய ஏணியைப் பார்க்கும்போது, அதன் படிகளுக்கு நடுவில் போட்டிருக்கும் சின்னப் புள்ளிக்கோடுகளையும் ஒரு நிமிடம் பாருங்கள். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஓர் ஹைட்ரஜனின் முகவரி. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கும் பெயர்கள் உண்டு.